அல்லிக்குளத்துத் திடலும் ஐயாவின் கோட்டும்

மந்தைவெளிக்குத் தெற்கே தோப்பும் வயலுமாகக் கிடந்த நாளில் அங்கே அல்லிக்குளம் என்று ஒரு குளம் இருந்தது. அல்லி என்றைக்கோ போய்விட்டது, பேர் மட்டும் நின்றது. கரையில் பத்துப் பன்னிரண்டு வண்ணார் குடும்பங்கள். மயிலாப்பூர் மாட வீதியில் யாராவது பளிச்சென்று வேட்டி கட்டிக்கொண்டு நடந்தால், அந்தப் பளிச்சு இந்தக் குளத்தில் பிறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு வண்ணாந்துறைக்காரர்கள் வந்து அந்தப் பளிச்சு எங்களுடையது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நடந்தது என்னவோ இதுதான்.

கெங்கம்மா பிறந்தது சைதாப்பேட்டை ஆற்றங்கரையில். மண்ணாங்கட்டிக்கு வாழ்க்கைப்பட்டு அல்லிக்குளத்துக்கு வந்தாள். மண்ணாங்கட்டி என்றால் சிரிக்க வேண்டாம். மூத்தவனுக்கும் இவனுக்கும் நடுவே பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. இதுவாவது எமன் கண்ணில் படாமல் கிடக்கட்டும் என்று அவனுடைய ஆத்தாள் வைத்த பேர் அது. எமன் கண்ணில் படாமல் தப்பித்தவன் கெங்கம்மா கண்ணில் மட்டும் பட்டுக்கொண்டே இருந்தான், பாவம். நின்றால் ஒரு வேலை சொல்வாள், உட்கார்ந்தால் ஒரு வேலை சொல்வாள். சொன்ன கையோடு கூழில் பெரிய பங்கையும் அவனுக்கே ஊற்றுவாள். அப்படிப்பட்ட மனுஷி.

துணியை வெளுப்பது தண்ணீர் என்று நினைக்கிறவர்கள் உண்டு. தண்ணீர் அழுக்கைப் போக்கும், அவ்வளவுதான். உவர்மண் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, வெள்ளாவிப் பானையில் அடுக்கி, ஆவியில் வேகவைத்து, கல்லில் அடித்து, அலசி எடுத்த பிறகும் துணிக்கு இன்னொன்று வேண்டும். வெயில். வெயில் விழுகிற திறந்த இடம். குளத்துக்கு மேற்கே அப்படி ஒரு திடல் இருந்தது. முறுக்கிய கயிற்றை இரட்டையாகக் கட்டி, முறுக்குக்குள் துணியின் முனையைச் செருகிவிட்டால் காற்றுக்கு அசையாது. கெங்கம்மாவின் மாமியாருடைய மாமியாரும் அந்தத் திடலில்தான் காயப்போட்டாள். ஆனால் கேட்டால் காட்டுவதற்கு ஒரு பட்டாவும் கிடையாது. சர்க்கார் புறம்போக்கு. திடல் போனால் குளம் இருந்தும் பிரயோசனமில்லை. பானையைத் தூக்கிக்கொண்டு பிழைக்கிற இடம் தேட வேண்டியதுதான்.

அந்த நாளில் மாம்பலத்து ஏரியைத் தூர்த்து, தெருத்தெருவாகக் கீறி, ஒரு பேட்டையையே எழுப்பியிருந்தார்கள். அந்தக் காற்று இந்தப் பக்கமும் அடித்தது. ஒரு ஆனி மாதக் காலையில் சங்கிலியும் முளைக்குச்சியுமாக ஆட்கள் வந்து திடலுக்குக் குறுக்கே அளக்க ஆரம்பித்தார்கள். அவர்களை வேலை வாங்கிக்கொண்டு வந்தவர் ஓவர்சியர் சுப்புராயன். நல்ல மனுஷன், வெற்றிலை போட்ட வாயோடு சிரித்துச் சிரித்துப் பேசுவார்.

கெங்கம்மா ஈரப் புடவையைப் பிழிந்தபடியே போய் எதிரே நின்றாள்.

"இன்னா நைனா, எங்க திடலுக்கு நாமம் போட வந்துகீறியா?"

"நாமமும் இல்லை, பட்டையும் இல்லைம்மா. இந்தப் பக்கம் பூரா ஸ்கீம் போடறாங்க. எங்கே ரோடு, எங்கே வீடு, எங்கே கடைன்னு முன்கூட்டியே பிளான்ல வரைஞ்சிடுவாங்க. அப்புறம் யாரும் தன் இஷ்டத்துக்குக் கட்ட முடியாது."

"அப்போ எங்க பொழப்பு?"

"அதைப் பார்க்கத்தான் ஆபீசரே வர்றார். எந்த நிலத்தை எதுக்கு உபயோகிக்கறாங்கன்னு நேர்ல பார்த்து எழுதுவார். வீடுன்னா பிளான்ல ஒரு சாயம், தோப்புன்னா ஒரு சாயம், தொழில் நடக்கிற இடம்னா ஒரு சாயம். வர்ற வியாழக்கிழமை வருவார். வடக்கு மாட வீதி ஆராவமுது ஐயங்கார்."

பேரைக் கேட்டதும் கெங்கம்மா பிழிந்துகொண்டிருந்த புடவையைப் பாதியில் விட்டாள். ஐயங்கார் வீட்டுக்கு அவள்தான் வெளுத்தாள். மடித் துணியெல்லாம் அவர்கள் வீட்டிலேயே நனைத்துக்கொள்வார்கள். ஜமக்காளம், போர்வை, தலைப்பாகைத் துணி, ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போகிற வெள்ளைக் கோட்டு, இவையெல்லாம் கெங்கம்மாவிடம் வரும். கொல்லைப்புறமாகப் போய் ஐயங்கார் வீட்டு அம்மாள் குமுதவல்லியிடம் வாங்கி, கொல்லைப்புறமாகவே கொண்டுபோய்க் கொடுப்பாள். ஐயா அவளைப் பார்த்ததே இல்லை.

விஷயம் அவளுடைய மூத்தார், மண்ணாங்கட்டியின் அண்ணன் பஞ்சாட்சரத்தின் காதுக்குப் போயிற்று. துறைக்குப் பெரியவர் அவர்தான். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"மோசம் போச்சு. ஐயா வூட்டுப் போர்வையும் கோட்டும் இங்கத்தான் தொங்கிக்கினு கீது. ஐயா வந்து தன் வூட்டுத் துணி நாலு பேர் பாக்கத் தொங்குறத கண்ணால பாக்கணுமா? தூத்தேறி, நம்ம துறைக்கு அது மரியாதையா?"

இது வண்ணார் வீட்டு வழக்கம். வெளுக்கக் கொடுத்த துணியை, மறுபடி மடித்து மூட்டையாக வந்து சேரும் வரைக்கும் அந்த வீட்டு மனுஷர் கண்ணில் காட்டக்கூடாது. தெருவில் மூட்டையைக் கொண்டுபோனாலும் மேலே ஒரு துப்பட்டி போர்த்தித்தான் கொண்டுபோவார்கள். இந்த வீட்டுத் துணி அந்த வீட்டுக்காரர் கண்ணிலும் படாது. எந்த வீட்டுத் துணி எது என்று வாயால் சொல்லவும் மாட்டார்கள். துணி முனையில் சேங்கொட்டைச் சாற்றால் போட்ட குறி ஒன்றே போதும், அது வெளுக்கிறவர்களுக்கு மட்டும் பேசும்.

"ஐயா வூட்டுத் துணிய மட்டும் எடுத்தா ஆவாதா, மாமா?" என்றாள் கெங்கம்மா.

"ஐயாவோட மோட்டார்ல யாரு யாரு வருவாங்கன்னு உனக்குத் தெரியுமா? அவுங்க வூட்டுத் துணியும் கீதோ இன்னாவோ. எல்லாத்தையும் எடுங்க."

எடுத்தார்கள். எப்படி எடுத்தார்கள் என்கிறீர்கள்! கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார்கள். கம்பங்களைப் பிடுங்கிக் குடிசைக்குப் பின்னால் போட்டார்கள். வெள்ளாவி அடுப்பைப் பாய் போட்டு மூடி, பாய் மேல் மாவிலை கட்டினார்கள். கழுதைகளைச் சுடுகாட்டுப் பக்கம் துரத்திவிட்டார்கள். பெண்டுகள் திடல் முழுக்கப் பெருக்கி, சாணி தெளித்து, நடுவில் கல்யாண வீட்டுக்குப் போடுகிற மாதிரி பெரிய கோலம் போட்டார்கள். தோப்புக்காரரிடம் ஒரு நாற்காலி இரவல் வாங்கி வைத்தார்கள்.

வியாழக்கிழமை ஐயா மோட்டாரில் வந்து இறங்கினார். சுப்புராயன் காய்ச்சலில் படுத்துவிட்டதால் வேறு ஒரு சிப்பந்தி கூட வந்தான். ஐயா குடையை ஊன்றிக்கொண்டு திடலைச் சுற்றிப் பார்த்தார். கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கி நடந்தார். இளநீர் வெட்டிக் கொடுத்ததைக் குடித்தார்.

"பேஷ். ஊர்ல காலி எடத்தை இவ்வளவு சுத்தமா யார் வெச்சுக்கறா?" என்று சொல்லிவிட்டு மோட்டாரில் ஏறிப் போய்விட்டார்.

பஞ்சாட்சரத்துக்குத் தலைகால் புரியவில்லை. "பேஷ்னாரு, கேட்டியா? சுத்தம்னாரு!" என்று ஒவ்வொரு குடிசையாகப் போய்ச் சொன்னார். கெங்கம்மாவுக்கு மட்டும் நெஞ்சில் ஒன்று உறுத்திற்று. ஐயா பார்த்தார், குடித்தார், போனார். இங்கே என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே?

அந்த உறுத்தல் ஆடியில் வெளியே வந்தது. காய்ச்சல் தெளிந்த சுப்புராயன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"என்னம்மா காரியம் பண்ணி வெச்சீங்க? பிளான்ல உங்க திடலுக்குச் சாயமே இல்லை. காலி நிலம்னு எழுதியிருக்கு. நடுவே நாற்பதடி ரோடு, ரெண்டு பக்கமும் பங்களா பிளாட்டு. அன்னிக்கு வெளுக்கலியா நீங்க?"

"சுத்தம் பண்ணி வச்சோம், நைனா" என்றான் மண்ணாங்கட்டி.

"எதை?"

"எல்லாத்தியும்."

சுப்புராயன் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கெங்கம்மா பஞ்சாட்சரத்தின் பக்கம் திரும்பினாள்.

"மரியாதை மரியாதைன்னு சொல்லி நம்ம வயித்த நாமளே பெருக்கித் தள்ளிட்டோம், மாமா. கோலம் வேற போட்டோம் அதுக்கு!"

"இன்னாடி நாக்கு நீளுது? உன் வூட்டுக்காரனும் தானே கம்பத்தப் பிடுங்கினான்?"

"பிடுங்கச் சொன்னது ஆரு?"

மண்ணாங்கட்டி நடுவில் புகுந்து இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான். பஞ்சாட்சரம் குடிசைக்குள் போய்ப் பாயை விரித்துப் படுத்துவிட்டார். தப்பு தன்னுடையது என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தது என்று ஒப்புக்கொள்ள அந்த மனுஷனுக்கு வாய் வரவில்லை. சுப்புராயன்தான் வழி சொன்னார். "பயப்படாதீங்க. ஆபீசர் கண்ணால பார்த்து எழுதினதை நான் சொல்லி மாத்த முடியாது. ஆனா பிளான் இன்னும் கெட்டிப்படலை. தண்டோரா போடுவாங்க. ஆட்சேபணை இருக்கிறவங்க வந்து சொல்லலாம்னு ஒரு நாள் குறிப்பாங்க. அன்னிக்கு வாயைத் திறந்து சொல்லுங்க."

தண்டோராவும் வந்தது. பறையை அடித்துக்கொண்டு வந்தவன் தோப்புக்காரர் வீட்டு வாசலிலும் குளத்தங்கரையிலும் நின்று, ஸ்கீமுக்கு உள்பட்ட நிலக்காரர்களும் அனுபோகக்காரர்களும் ஆட்சேபணை இருந்தால் மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் வந்து தெரிவிக்க வேண்டியது என்று கூவினான். அனுபோகக்காரர் என்றால் யார் என்று கெங்கம்மா அவனையே நிறுத்திக் கேட்டாள். "நிலம் சொந்தமில்லாம அனுபவிச்சிக்கினு கீறவன்" என்றான். "அப்படின்னா நாங்கதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

யார் போவது என்ற பேச்சு வந்தபோது பஞ்சாட்சரம் முதுகைத் திருப்பிக்கொண்டார். மண்ணாங்கட்டிக்கு ஆபீசர் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் கெங்கம்மாவே தலையை வாரி முடிந்துகொண்டு புறப்பட்டாள். புருஷன் பின்னால் வந்தான்.

பள்ளிக்கூடத்துக் கூடத்தில் பெஞ்சு பெஞ்சாக ஜனம். முன்னால் மேஜையில் ஆராவமுது ஐயங்கார். அவர் மேலே இருந்த கோட்டைக் கெங்கம்மாவுக்குத் தெரியும். போன வாரம்தான் கஞ்சி போட்டுக் கொடுத்தாள். இடது முழங்கைக்குக் கீழே கிழிந்த இடத்தைக் குமுதவல்லி அம்மாள் நீல நூலால் தைத்திருந்தார். வெள்ளை நூல் தீர்ந்துபோன அன்றைக்குத் தைத்தது.

தோப்புக்காரர் முதலில் எழுந்தார். ரோட்டு ஓரத்திலிருந்து இத்தனை அடி தள்ளித்தான் வீடு கட்ட வேண்டும் என்று பிளானில் ஒரு கோடு போட்டிருக்கிறார்களாம். "எம் மண்ணுல நான் கட்ட ஒருத்தன் கோடு கிழிப்பானா?" என்று குதித்தார்.

"அது கட்டட வரம்பு" என்றார் ஐயா பொறுமையாக. "நாளைக்கு ரோட்டை அகலப்படுத்தினா உம்ம திண்ணையை இடிக்க வேண்டாம் பாரும். காத்தும் வெளிச்சமும் வரும். நிலம் உம்மதுதான். அந்தத் துண்டுல கட்டக்கூடாது, அவ்வளவுதான்."

இன்னொருவர் தன்னுடைய நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளப் போகிறதா என்று கேட்டார். எடுத்தால் அதற்குப் பேர் ஆர்ஜிதம், ஈடு கொடுத்துத்தான் எடுப்போம் என்றார் ஐயா. குழந்தைகள் ஓடி விளையாட, ஜனங்கள் காற்று வாங்க என்று கட்டடம் எழுப்பாமல் விடுகிற இடத்துக்குத் திறந்தவெளி என்று பேர் சொன்னார். ஒரு நிலத்தில் ஏற்கெனவே என்ன நடக்கிறதோ அது நடப்பு உபயோகம்; அதை யோசிக்காமல் கோடு போடுவதில்லை என்றும் சொன்னார். கெங்கம்மா அந்தக் கடைசி வார்த்தையை முந்தானையில் முடிந்துகொள்கிற மாதிரி மனசில் முடிந்துகொண்டாள்.

அவள் முறை வந்தது.

"சாமி, அல்லிக்குளத்துத் திடலு காலி இல்லீங்க. நாங்க துணி காயப்போடுற எடம். அதுதான் அங்க நடப்பு உபயோகம்."

ஐயா நிமிர்ந்து பார்த்தார். "அங்கேயா? நானே வந்து பார்த்தேனே. பெரிய கோலம் போட்டிருந்தது. ஒரு கயிறு கூட இல்லையே."

"சாமி வரீங்கன்னு எடுத்துட்டோம்."

பெஞ்சுகளில் சிரிப்பு எழுந்தது. "ஆபீசர் வர்றார்னு ஆபீசையே தூக்கிட்டாங்களாம்!" என்றான் ஒருவன்.

ஐயா கையைக் காட்டி அடக்கினார். "சரி. நீ சொல்றதை நான் அப்படியே எழுத முடியாது. யாராத்துத் துணியெல்லாம் அங்கே காயறது? ஒரு நாலு பேர் சொல்லு. ஆளை விட்டு விசாரிச்சு எழுதிக்கறேன்."

கெங்கம்மாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வேறு எந்த வீடும் வேண்டாம். சாமி, நீங்க போட்டுக்கினு கீற கோட்டு அங்கதான் காய்ஞ்சுது, முழங்கையத் திருப்பிப் பாருங்க என்று சொன்னால் தீர்ந்தது. திடல் கைக்கு வந்துவிடும். பக்கத்தில் மண்ணாங்கட்டி, "சொல்லேன், சொல்லேன்" என்று முந்தானையை இழுத்தான்.

அவள் சொல்லவில்லை. கூடம் நிறைய ஜனம். அவருடைய கோட்டுக் கிழிசலை அத்தனை பேர் முன்னால் விரிப்பதா? கொல்லைப்புறமாக வாங்கினதைச் சபையில் கொண்டுவந்து கொட்டவா?

"வூட்டுப் பேர சொல்ற வழக்கம் எங்க தொழில்ல கெடையாது, சாமி."

"சொல்லாட்டா நிலம் போயிடும்மா. தெரியறதா?"

"தெரியுது சாமி. திடலு வேணும். அதுக்காவ பேர சொல்ல முடியாது."

மறுபடி சிரிப்பு. ஆனால் இந்தத் தடவை ஐயா சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"அப்போ நானே இன்னொரு தரம் வந்து பார்க்கறேன். என்னிக்குன்னு சொல்ல மாட்டேன். அன்னிக்கு என்ன கண்ணுல படறதோ அதைத்தான் எழுதுவேன்."

"வாங்க சாமி. இந்தத் தபா கோலம் போட மாட்டோம்."

வெளியே வந்ததும் மண்ணாங்கட்டி பொரிந்து தள்ளினான். "கையில வந்தத வுட்டுட்டியே! ஒரே ஒரு வார்த்தை!"

"அந்த வார்த்தைய சொல்லிட்டு நாளைக்கு எந்தக் கொல்லை வாசல்ல போய் நிப்பேன், நீ சொல்லு" என்றாள் கெங்கம்மா.

அதற்கப்புறம் அல்லிக்குளத்தில் ஒரு கூத்து நடந்தது. அன்றாடம் வெளுத்து அன்றாடம் காயப்போட்டால் போதும், ஐயா என்றைக்கு வந்தாலும் பார்த்துவிடுவார். இதில் என்ன கஷ்டம்? கஷ்டம் பஞ்சாட்சரத்தின் கை. ரோட்டில் மோட்டார் சத்தம் கேட்டால் போதும், அவர் கை தானாகக் கயிற்றுக்குப் போகும். எந்த ஊர் மோட்டாரோ, யாருடைய மோட்டாரோ, "வந்துட்டாரு, வந்துட்டாரு" என்று நாலு போர்வையை உருவிவிடுவார். அவர் உருவுவதைப் பார்த்து அடுத்தவன் உருவுவான். கெங்கம்மா ஓடிவந்து கத்துவாள்.

"வைய்யா மாமா அத்த! அப்படியே வுடு! இன்னொரு தபா காலி நெலம்னு எழுதிக்கினு போவட்டும்னா?"

"மன்சு கேக்கலடி."

"மனச வெள்ளாவியில வையி. கையக் கட்டிக்கினு ஒக்காரு."

மோட்டார் அடையாற்றுப் பக்கம் போய்விடும். உருவினதையெல்லாம் மறுபடி செருகுவார்கள். இப்படியே ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. ஐயா வரவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்கிற மழையில்லை, வானம் பொத்துக்கொண்ட மழை. குளம் ஏறித் திடலைத் தொட்டது. வெள்ளாவி அடுப்பில் நெருப்பு நிற்கவில்லை. குடிசைகளுக்குள் ஈரத்துணி மூட்டை மூட்டையாக அடைந்து கிடந்து நாற ஆரம்பித்தது. வெளுக்கக் கொடுத்த வீடுகள் ஆள் அனுப்பிக் கேட்டன. கெங்கம்மாவின் பயம் வேறு. இந்த மழையில் ஐயா வந்தால் என்ன பார்ப்பார்? சேறும் தண்ணீரும் கிடக்கிற ஒரு வெறும் திடல். ஒரு துணி இல்லை, ஒரு மனுஷர் இல்லை. இதைவிடக் காலியாக ஒரு நிலம் இருக்குமா?

துறை முகப்பில் ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசி அம்மன் என்று கும்பிடுவார்கள். கெங்கம்மா நனைந்துகொண்டே போய் அதன் முன்னால் நின்றாள். "தாயே, அந்த மனுசனை இன்னிக்கு மட்டும் வூட்டுல உக்கார வையி" என்றாள். மறுநாளும் போய் அதையே சொன்னாள். அதற்கு மறுநாளும் சொன்னாள். வெட்கப்படாமல் சொன்னாள்.

அப்புறம் ஒரு காலையில் எழுந்து பார்த்தால் வானம் அலசி வைத்த மாதிரி நீலமாக இருந்தது. வெயில் வந்துவிட்டது. அல்லிக்குளத்தில் அன்றைக்கு ஒருவரும் கஞ்சி குடிக்கக்கூட உட்காரவில்லை. அடைந்து கிடந்த மூட்டையெல்லாம் அவிழ்ந்தது. திடலில் இருக்கிற கயிறு போதாமல் தோப்பு மரத்துக்கும் குடிசைக் கூரைக்கும் கயிறு ஓடிற்று. வேலி மேலெல்லாம் விரித்தார்கள். வேட்டி, போர்வை, ஜமக்காளம், மேஜை விரிப்பு, பள்ளிக்கூடத்துத் திரைச்சீலை எல்லாம் காற்றில் படபடத்தன. உள்ளே போன மனுஷர் வெளியே வர வழி தெரியாது, அத்தனை துணி.

எல்லாருடைய காதும் மோட்டார் சத்தத்துக்குத் தீட்டியிருந்தது. ஐயா மோட்டாரில் வரவில்லை. ரோடு சேறாகக் கிடந்ததால் டிராமில் வந்து இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வரப்பு வழியாக நடந்தே வந்துவிட்டார். கூடவே சுப்புராயன், அவருக்கும் முழங்கால் வரைக்கும் சேறு. முதலில் பார்த்தவர் பஞ்சாட்சரம்.

பழைய கை என்ன செய்யும்? பக்கத்துக் கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தது. மறுமுனையில் கெங்கம்மா நின்றிருந்தாள். அவள் ஏன் எதற்கு என்று பார்க்கவில்லை, தன் பக்கம் பிடித்து இழுத்தாள். ஐயா கண்ணுக்கு முன்னால் துறைப் பெரியவரும் தம்பி பெண்சாதியும் தேர்வடம் மாதிரி ஒரு கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றார்கள்.

"வுடுங்க மாமா!"

"ஐயாடி... ஐயா!"

"அதுக்குத்தான் வுடுங்கன்றேன்!"

பஞ்சாட்சரம் விட்டார். அந்த மனுஷன் வாழ்க்கையில் விட்டது அது ஒன்றுதான் என்று பிற்பாடு மண்ணாங்கட்டி சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். விட்ட வேகத்தில் கயிறு துள்ளிற்று. ஒரு ஈரப் போர்வை பறந்து போய் ஐயாவின் முகத்தில் பளாரென்று அடித்தது.

சுப்புராயன் ஓடிப் போய்ப் போர்வையை விலக்கினார். ஐயா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "காலி எடம்னு எழுதினேன், அடிக்கிறதே ஓய்" என்றார் சுப்புராயனிடம். பிறகு குனிந்து கயிறுகளுக்குள் நுழைந்தார். ஒரு வரிசையைத் தாண்டினால் இன்னொரு வரிசை. வேட்டியை விலக்கினால் ஜமக்காளம். அவருடைய தலைப்பாகை ஒரு பக்கம் தெரிந்தது, மறைந்தது, இன்னொரு பக்கம் தெரிந்தது. கெங்கம்மா பின்னாலேயே போனாள். எங்கே போகிறார் என்று பார்த்ததும் நடையை எட்டிப் போட்டாள். நாலாவது கயிற்றில் என்ன தொங்குகிறது என்று அவளுக்குத் தெரியும்.

ஐயா நாலாவது கயிற்றுக்கு வந்துவிட்டார். எதிரே ஒரு வெள்ளைக் கோட்டு. இரண்டு கையையும் கயிற்றில் விரித்துச் செருகியிருந்ததால், வாரும் வாரும் என்று அவரைக் கூப்பிடுவதுபோல நின்றது. இடது முழங்கைக்குக் கீழே நீல நூல் தையல்.

அவர் தன்னுடைய இடது கையைப் பார்த்தார். இன்றைக்குப் போட்டிருந்தது வேறு கோட்டு. மறுபடி அந்தத் தையலைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பிக் கெங்கம்மாவைப் பார்த்தார். அன்றைக்குக் கூடத்தில் அவள் எதைச் சொல்லாமல் நின்றாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கெங்கம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "நல்ல வெயிலு, சாமி" என்றாள்.

"ஆமாம். நல்ல வெயில்" என்றார் ஐயா.

அவ்வளவுதான் இரண்டு பேரும் பேசியது. வெளியே வந்து சுப்புராயனிடம் மட்டும் சொன்னார். "காலி நிலம்னு எழுதினதை அடிச்சுடும். நடப்பு உபயோகம், துணி வெளுக்கற தொழில். ரோட்டை வடக்கால தோப்போரமா வளைச்சுண்டு போகலாமான்னு கோடு போட்டுப் பாரும். திடலும் துறையும் ஸ்கீம்ல ஒதுக்கீடா இருக்கட்டும்." சொல்லிவிட்டு, வெள்ளாவி அடுப்பை எட்டிப் பார்த்து, கழுதைக்கு வழிவிட்டு, வந்த வரப்பு வழியே நடந்தார். இளநீர் கொடுக்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒதுக்கீடு என்றால் என்ன என்று பஞ்சாட்சரம் மெல்லக் கேட்டார். நான்கு மாதத்தில் அவராக வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி அது. "இந்த வேலைக்குன்னு எடுத்து வச்ச நிலம். வேற யாரும் இதுல வீடு கட்ட முடியாது" என்று சுப்புராயன் சொல்லிவிட்டு ஓடினார்.

மறுநாள் மடித்த துணியை எடுத்துக்கொண்டு கெங்கம்மா வடக்கு மாட வீதிக் கொல்லைப்புறம் போனபோது குமுதவல்லி அம்மாள் வாயில் துணியை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டி கெங்கம்மா, நேத்து ஆத்துக்கு வந்து என்னை ஒரு பிடி பிடிச்சார். வெள்ளைக் கோட்டுக்கு வெள்ளை நூல் கெடைக்கலையான்னார். எங்கே பார்த்தேள்னா பதிலே இல்லை. நீ எதாவது சொன்னியோ?"

"நான் இன்னாத்தம்மா சொல்லப்போறேன். நான் துணி வெளுக்கிறவ."

அம்மாள் இன்னும் கொஞ்சம் சிரித்துவிட்டு, ஒரு கிண்ணத்தில் சுண்டலைக் கொண்டுவந்து கொடுத்தார்.

தை பிறந்த பிறகு தண்டோராக்காரன் மறுபடி வந்தான். ஸ்கீம் முடிவாயிற்று, அல்லிக்குளமும் அதன் மேற்கேயுள்ள திடலும் சலவைத் தொழிலுக்கென ஒதுக்கப்பட்டன என்று கூவினான். கெங்கம்மா அவனை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னான். இன்னொரு தரம் என்றாள். "இன்னாம்மா பேஜாரு, எத்தினி தபா சொல்றது?" என்று அலுத்துக்கொண்டே அதையும் சொன்னான். அவனுக்குக் கூழ் ஊற்றினார்கள்.

பஞ்சாட்சரம் குடிசைக்குப் பின்னால் போனார். ஆனி மாதத்தில் பிடுங்கிப் போட்ட கம்பங்களில் இரண்டு, எடுத்து நடாமல் அங்கேயே கிடந்தன. அவற்றைத் தோளில் தூக்கி வந்து, குழி தோண்டி, கல் போட்டு இறுக்கி நட்டார். பிறகு காலால் உதைத்துப் பார்த்தார். அசையவில்லை. "இனிமே எவன் வந்தாலும் நான் பிடுங்க மாட்டேன்டி" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.

"சரி மாமா" என்றாள் கெங்கம்மா. அதற்கு மேல் குத்திக்காட்டவில்லை.

அன்றைக்கு வெயில் இதமாக இருந்தது. பகலில் உட்கார்ந்து யாரும் அவளைப் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவள், காய்ந்துகொண்டிருந்த ஒரு பெரிய ஜமக்காளத்தின் நிழலில் முந்தானையை விரித்துப் படுத்தாள். படுத்தவுடனே தூங்கிப்போனாள். மண்ணாங்கட்டி ஏதோ கேட்க வந்தவன், அவள் வாயைத் திறந்தபடி தூங்குவதைப் பார்த்துவிட்டு நின்றான். நிழல் நகர்ந்து அவள் முகத்தில் வெயில் விழப் பார்த்தது. அவன் கயிற்றின் முறுக்கை விலக்கி, ஜமக்காளத்தைக் கொஞ்சம் மேற்கே தள்ளிச் செருகிவிட்டுப் போனான்.